உஷார்! ஊசி பத்து நிமிஷம்தான்... அதற்கப்புறம்தான் ஆபத்து!

முகச் சுருக்கத்துக்கு போடாக்ஸ் ஊசி போட்டுக்கொண்டு, கையோடு ஹெல்மெட்டை மாட்டி வண்டியை எடுக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கம்மா! இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முன்பெல்லாம் இந்த ஊசிக்கு அண்ணா நகர், நுங்கம்பாக்கம் என்று போக வேண்டும். இப்போது அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் ஸ்கின் கிளினிக் போர்டு தொங்குகிறது. காய்கறி வாங்கப் போகிற வழியில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். எனக்குப் பயமே அதுதான். பக்கத்தில் கிடைப்பதால் ஃபேஷியல் மாதிரி நினைத்துவிடுகிறோம்.

இது ஃபேஷியல் இல்லை. தசையை முடக்குகிற மருந்து!

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் விஷத்தை மிக மிகக் குறைந்த அளவில் எடுத்துச் செய்தது. புருவத்துக்கு நடுவே விழும் கோடுகளுக்கு இதைப் போடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2002-ல் அனுமதித்தது. தெரிந்த டாக்டர், சரியான அளவில் போட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது. ஆனால் போட்டு முடித்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டார்களா?

அம்பத்தூர் பக்கம் ஒரு அம்மா. மகளுக்கு நிச்சயதார்த்தம் வருகிறதே என்று ஊசி போட்டுக்கொண்டார். "ஒண்ணும் ஆகாது மேடம், உடனே வேலையைப் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். நெற்றியை இறுக்கும் ஹெல்மெட்டோடு வீடு வந்தார். குனிந்து பாத்திரம் தேய்த்தார். மதியம் தலையணையில் முகம் புதைத்துத் தூங்கினார். சாயங்காலம் தலைவலி, நல்லெண்ணெய் வைத்து நெற்றியையும் புருவத்தையும் அழுத்தித் தேய்க்கச் சொன்னார். ஐந்தாம் நாள் காலை கண்ணாடியில் பார்த்தால், வலது இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது. நிச்சயதார்த்தப் படங்களில் எல்லாம் அப்படியே நின்றார் பாவம். இமை மறுபடி நிமிர வாரக்கணக்கானது.

எது காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஊசி இறங்கிய இடம் தவறினாலும் இப்படி ஆகும். ஆனால் போட்ட இடத்தை அழுத்தித் தேய்த்தால், மருந்து பக்கத்துத் தசைக்கு நகர வாய்ப்பிருக்கிறது. இமையைத் தூக்கும் தசை புருவத்துக்குக் கீழேதான். அதைத் தொட்டுவிட்டால் இமை இறங்கும். உடனே தெரியாது. சில நாள் கழித்துத்தான் தெரியும்!

அதனால் முதல் நான்கு மணி நேரம் படுக்காதீர்கள். உட்காருங்கள், நில்லுங்கள், தலை நிமிர்ந்தே இருக்கட்டும். கோலம் போடக் குனிவதையும், திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலில் விழுந்து கும்பிடுவதையும் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருமாரி கோபித்துக்கொள்ள மாட்டாள். ஒரு முழு நாள் முகத்தைத் தேய்க்கக் கூடாது. மசாஜ், ஃபேஷியல், எண்ணெய்க் குளியல், ஆவி பிடிப்பது, ஜிம், மது எதுவும் வேண்டாம். வீட்டுக்கு ஆட்டோவில் வாருங்கள். சமையலை அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டுமே! நம் பெண்களுக்கு ஓய்வு என்றாலே குற்ற உணர்ச்சி. இந்த ஒரு நாள் அதைத் தள்ளிவையுங்கள்.

லேசான வீக்கம், ஊசி குத்திய இடத்தில் சிவப்பு, கொஞ்சம் தலைவலி. இவற்றுக்குப் பதற வேண்டாம். பலன் முழுசாகத் தெரியவே இரண்டு வாரம் ஆகும். "ஒண்ணுமே தெரியலையே" என்று மூன்றாம் நாளே போய் இன்னொரு டோஸ் போட்டுக்கொள்ளாதீர்கள்!

இனிதான் முக்கியம். விழுங்கக் கஷ்டமா? பேச்சு குழறுகிறதா? குரல் மாறிவிட்டதா? பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறதா? கழுத்து நிற்காமல் தொய்கிறதா? மூச்சு வாங்குகிறதா? இது அலுப்பு இல்லை! விஷம் உடம்பில் பரவுவதன் அறிகுறி. சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். எஃப்.டி.ஏ. 2009-லேயே மருந்தின் மீது இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டிப் போட வைத்தது. 2024 ஏப்ரல் கணக்குப்படி அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 22 பெண்களுக்கு இப்படிப்பட்ட கோளாறுகள் வந்திருந்தன. போலி மருந்து, பயிற்சி இல்லாத கை, வீட்டிலும் ஸ்பாவிலும் போட்ட ஊசி. அவர்களில் 11 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள்.

அமெரிக்காதானே என்கிறீர்களா? 2016-ல் நம் சென்னையில், அழகு நிலையம் ஒன்றில் முடி நடும் சிகிச்சைக்குப் போன மருத்துவ மாணவர் உயிர் பிழைக்கவில்லை. அது போடாக்ஸ் இல்லைதான், ஆனால் தகுதியில்லாத இடத்தின் ஆபத்து ஒன்றுதான். மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்தக் கதி!

அதனால் போவதற்கு முன்பே விசாரியுங்கள். ஊசி போடுகிறவர் டாக்டர்தானா? தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். மருந்துக் குப்பியை உங்கள் கண்முன்னே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சீல் உடைக்கச் சொல்லுங்கள். மற்ற இடத்தைவிட பாதி விலை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், தசை பலவீன நோய் உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மூச்சோ விழுங்குவதோ தடுமாறினால், ஊசி போட்ட இடத்துக்கு போன் பண்ணி நேரத்தைக் கடத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். பேச்சு குழறுவதைப் பார்த்தால் டாக்டர்களுக்கு முதலில் பக்கவாதம் என்றுதான் தோன்றும். அதனால் கூச்சப்படாமல், "போடாக்ஸ் போட்டு இத்தனை நாள் ஆச்சு" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குத் தெரியாமல் போட்டிருந்தாலும் ஒருவரிடமாவது முன்பே சொல்லி வையுங்கள். பேச முடியாமல் போனால் அவர்தான் உங்களுக்காகச் சொல்ல வேண்டும்.