பாலும் பரிசோதனையும்

டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே தோட்டத் தொழில் செய்யும் குடும்பங்கள் சில, லயத்தின் அருகே ஓரிரு பசுக்களையும் வளர்த்து வருகின்றன. விடியற்காலையிற் கறக்கும் பால் சேகரிப்பு நிலையத்தை அடைந்ததும், அங்கே பால்மானி அதில் இடப்படுகின்றது. நீர் கலந்திருப்பின் பாலின் அடர்த்தி குறைய, மானி வழக்கத்தினும் ஆழமாக அமிழும். கொழுப்பின் அளவைப் பொறுத்து விலை அமையும். திரிந்த பால் ஏற்கப்படுவதில்லை.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு? கறப்பவர் கை, பாத்திரம், தொழுவம் ஆகிய மூன்றின் வழியாகவும் கிருமிகள் பாலிற் சேர்கின்றன. இளஞ்சூட்டில் அவற்றுட் சில அரைமணி நேரத்திற்குள்ளேயே இரட்டிக்க வல்லன. நோயுற்ற பசுவின் பாலால் காசநோயும் பரவக்கூடும். பாலை 63 பாகை சதமளவையில் 30 நிமிடம் வைத்திருந்தால் நோய்க்கிருமிகள் மாயும். ஆயினும், அழுக்கான பால் அதனால் நல்ல பாலாகிவிடாது. ஆகவே தூய்மை தொழுவத்திலேயே தொடங்குதல் வேண்டும்.

இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உணவுப் பொருள்களின் தூய்மையைக் காக்கின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதனை நடைமுறைப்படுத்துவோருள் ஒருவர். இவையன்றி, பாற்பண்ணைகளுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கிக் கட்டணம் அறவிடும் அதிகாரம் உள்ளூராட்சி மன்றங்களுக்கு உண்டு. பிரதேச சபைச் சட்டம் அக்கட்டணத்தின் உச்ச வரம்பை இடத்தின் ஆண்டுப் பெறுமதியைக் கொண்டு வகுக்கின்றது. பசுக்களின் தொகையையோ தொழுவத்தின் தூய்மையையோ கொண்டு வகுக்கவில்லை.

பரிசோதனைக்கான செலவை யார் ஏற்பது? பாலை விற்று ஊதியம் பெறுபவரே ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் நல்ல பாலினால் நன்மை பெறுவது ஊரார் அனைவருமாதலின், பொதுப் பணமும் அதிற் சேரவேண்டும். நூறு பசு உடையவருக்குச் சிறு தொகையாகத் தோன்றுவது, ஒரு பசு உடையவருக்குப் பல நாட் பாலின் விலையாகும்.

இன்னொன்றும் உண்டு. கொட்டிலைக் கழுவுக என்று கட்டளையிடுவது எளிது. கழுவ நீர் வேண்டுமே! 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டு வந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. சட்டம் திறந்த அவ்வழியே குழாய் நீரும் தொழுவம் வரை வந்து சேருமாயின், கட்டணம் கேட்பதற்கும் நியாயம் பிறக்கும், பாலும் தூயதாகும்.