கண்ணாடியும் லேசர் ஒளியும்

தில்லியின் மார்கழிக் காலையில் மூக்குக்கண்ணாடி அணிந்தவர் படும் பாட்டை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். குளிரில் நடந்து வந்து காப்பித் தம்ளரை வாயருகே கொண்டுசென்றால் போதும். ஆவி படிந்து எதிரே இருப்பவர் முகம் மறைந்துவிடும். கோல் மார்க்கெட்டில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் வாழும் எனக்கு, கண்ணாடி பதின்மூன்றாம் வயதில் ஏறியது. நாற்பத்து நான்காம் வயதில் அதை இறக்கிவிடத் துணிந்து, லேசர் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்தேன்.

பரிசோதனைகள் முடிந்ததும் ஆங்கிலத்தில் ஓர் இசைவுப் பத்திரம் தந்தார்கள். மொழிபெயர்ப்பே தொழிலாதலால், அன்றிரவு அதை வரிவரியாகத் தமிழாக்கிப் பார்த்தேன். நாற்பதைக் கடந்தோர்க்குச் சிகிச்சைக்குப் பின் படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படலாம் என்ற வரியில் என் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றச் செய்யும் சிகிச்சைக்குப் பின்னும் கண்ணாடியா? நாள்தோறும் கோப்பும் அகராதியுமாய் வாழ்பவனுக்கு இது சிறிய விஷயம் அன்று.

விடை கண்ணின் அமைப்பில் இருக்கிறது. வெளியொளியை வளைத்து விழித்திரையில் குவிப்பவை இரண்டு. ஒன்று, கைக்கடிகாரத்துக் கண்ணாடிபோல் முன்னே கவிந்திருக்கும் கார்னியா என்னும் தெளிந்த படலம். மற்றது, அதன் பின்னே உள்ள வில்லை. ஒளியை வளைக்கும் வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கார்னியாவினுடையது. கிட்டப்பார்வை உள்ளவர்க்குப் பெரும்பாலும் விழி சற்று நீண்டிருக்கும். ஆகவே ஒளி விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுகிறது. தொலைவில் உள்ளவை மங்குகின்றன. கார்னியாவின் நடுப்பகுதியைச் சிறிது தட்டையாக்கினால் ஒளி உரிய இடத்தில் குவியும். அப்படலத்தின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ளது. ஒரு டயாப்டர் குறையைத் திருத்த, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும் அளவு நீக்கினால் போதும்.

இவ்வளவு நுட்பமாகச் செதுக்கும் உளி எங்ஙனம் கிடைத்தது? இங்கே தமிழர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1929இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். 1981 நவம்பரில், அந்நாட்டினரின் நன்றிகூறல் திருநாளுக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்று, எக்ஸைமர் லேசரின் புறஊதாக் கதிரை அதன்மீது செலுத்தினார். அக்கம்பக்கம் கருகாமல், கதிர் பட்ட இடம் மட்டும் துல்லியமாக நீங்கியது. இக்கதிர் திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்து ஆவியாக்குகிறது. அண்டையில் உள்ளதைச் சுடுவதில்லை. சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வைன் இருவரும் இவ்வாராய்ச்சியில் அவருக்குத் துணைநின்றனர். 1983இல் ஸ்டீபன் டிரோக்கல் என்னும் கண் மருத்துவர் சீனிவாசனுடன் சேர்ந்து இதைக் கார்னியாவுக்குப் பயன்படுத்தும் வழியை ஆராய்ந்தார். 1995இல் அமெரிக்க அரசு இவ்வகைச் சிகிச்சைக்கு முதன்முதலில் அனுமதி வழங்கியது.

எனினும், லேசர் செதுக்குவது கார்னியாவை மட்டுமே. பின்னே உள்ள வில்லையை அது தொடுவதில்லை. இளமையில் அவ்வில்லை நெகிழ்ந்து, அருகில் உள்ளதைப் பார்க்கும்போது தன்னைத் தடிப்பாக்கிக் கொள்ளும். நாற்பதை ஒட்டி அது இறுகத் தொடங்குகிறது, வெள்ளெழுத்து வருகிறது. கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே சிறு எழுத்தைப் படித்துவிடுவார். அவருடைய குறையே அங்கே அவருக்கு உதவுகிறது. லேசர் அக்குறையை நீக்கும்போது அந்த உதவியும் உடன் நீங்குகிறது.

மறுநாள் மருத்துவரிடம் இதைக் கேட்டேன். அவர் சோதனைச் சட்டத்தில் தூரப் பார்வைக்குரிய வில்லைகளைப் பொருத்தி, பொடி எழுத்துத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். கை முழுதும் நீண்ட பிறகே எழுத்து தெளிந்தது. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை அண்மைக்குமாகத் திருத்தும் முறையும் உண்டு என்றார். என் தொழிலுக்கு இரு கண்களும் ஒன்றுபட்டு இயங்குவதே நலம் என்று எண்ணி, படிக்கும் கண்ணாடிக்கு உடன்பட்டே கையெழுத்திட்டேன்.

சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்தது. சொட்டு மருந்தால் கண் மரத்தது. கார்னியாவின் மேலே மெல்லிய ஏடொன்றைப் பிரித்து, புத்தகத் தாளைப்போல் புரட்டிவைத்தார்கள். லேசர் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு நிமிடத்துக்குள் தன் வேலையை முடித்தது. ஏட்டை மீண்டும் படியவைத்தார்கள், தையல் இல்லை. சில வாரங்கள் இரவில் விளக்குகளைச் சுற்றி வளையம் தோன்றியது. கண் உலர்ந்தது, தில்லிப் புழுதியில் அது சற்று மிகுதி. மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட நேர்ந்தது.

இச்சிகிச்சை எல்லோர்க்கும் ஏற்றதன்று. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கண்ணாடியின் எண் ஓராண்டாவது மாறாதிருக்க வேண்டும். கார்னியா போதிய தடிப்புடன் இருத்தல் வேண்டும். கூம்புபோல் துருத்தும் நோய் இருந்தால் கூடவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் காத்திருக்க வேண்டும். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர், இசைவுப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் தமக்குத் தமிழில் விளங்கிய பிறகே கையெழுத்திடுக. விளங்காததை மருத்துவரிடம் கேட்பதில் நாணம் வேண்டியதில்லை.

மறுநாட் காலை மந்திர் மார்க்கில் நடந்தேன். லட்சுமி நாராயணர் கோயிற் சிகரங்களை வெறுங்கண்ணால் முதன்முறையாகத் தெளிவாகக் கண்டேன். சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அலுவலகத்தில் கோப்பைத் திறந்ததும் சட்டைப் பையில் கை சென்றது. முன்பு விழித்தவுடன் கண்ணாடியைத் தேடினேன். இப்போது படிக்கும்போது தேடுகிறேன். இதை முன்னரே அறிந்து ஏற்றுக்கொண்டதால் எனக்கு ஏமாற்றம் இல்லை.