வானில் நான்கு மணி நேரம்

அன்று சி ரூசா வட்டாரத் தோட்ட மக்கள் தமிழகம் செல்ல 'ரஜுலா' போன்ற கப்பல்களில் பல நாள் பயணம் செய்தனர். ஊரில் துக்கம் நேர்ந்தால், உற்றாரின் முகத்தைக் கடைசியாகக் காணவும் இயலாது.

இன்று சிப்பாங் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் சென்றுவிடலாம். வான்வழித் தூரம் சுமார் 2,600 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறந்தாலும், ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் வேகம் குறையும்.

காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் சென்னை நேரப்படி 11.30க்குத் தரையிறங்கும். அப்படியானால் பயணம் ஒன்றரை மணி நேரமா? இல்லை. இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியுள்ளது. பயணச்சீட்டில் அந்தந்த ஊரின் நேரமே குறிக்கப்படும். எனவே, சென்னையில் காலை 10.00 மணிக்குப் புறப்பட்டால், இங்கு மாலை 4.30க்கு வந்து சேர்வோம்.