அரிதாரமும் ஜீவனமும்

நடிப்பையே தொழிலாகக் கொண்டு ஜீவனம் நடத்த விரும்பும் இளைஞர்கள் சென்னைக்கு ரயிலேறுவதுதான் இன்று நாம் அறிந்த வழக்கம் என்றாலும், நடிகன் என்கிற தொழிலாளி தமிழ்நாட்டில் உருவானதும், கூலி பேசக் கற்றதும், பட்டினிக்குப் பழகியதும், மதுரையைத் தாயகமாகக் கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் கம்பெனிகளில்தான்.

1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையில், வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் துணிந்து வேஷம் புனைந்து, கூத்தாடிப் பிழைப்பு என்று உலகம் இகழ்ந்த ஒன்றுக்குக் கௌரவம் தேடித் தந்தார்கள். அந்த உபகாரத்தை மறக்க இயலாது. ஆயினும் மறுநாட் காலையில் திரும்பிச் செல்ல அவர்களுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அரிதாரத்தைத் துடைத்த பின் வேறு ஆதரவு ஏதுமற்றவர்களின் சரித்திரம் வேறு.

1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தியபோது ஆறு வயதுப் பாலகனாக அதில் சேர்ந்தவர், பிற்காலத்தில் ஔவைப் பிராட்டியாக வேஷம் தரித்து அப்பெயரே தமக்கு அடைமொழியாகப் பெற்ற டி.கே. சண்முகம். சிவாஜி கணேசனும் எம்.ஜி. ராமச்சந்திரனும்கூட இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்த பிள்ளைகளே. கம்பெனி வீட்டில் உண்டு உறங்கி, வாத்தியார் முன் அமர்ந்து பாட்டும் வசனமும் நெட்டுருப் போட்டு, இன்று சீதையாகவும் நாளை சூர்ப்பனகையாகவும் நிற்கக் கற்ற அப்பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து, பதினான்கு பதினைந்து வயதில் குரல் உடையும் பருவத்தில் காத்திருந்தது. மகரக்கட்டு என்று அதனைச் சொல்வார்கள். நேற்றுவரை ஐந்து கட்டைச் சுருதியில் பாடிச் சபையோரின் கரகோஷத்தைப் பெற்ற பிள்ளை, தொண்டை கரகரத்த மாத்திரத்தில் கதாநாயக வேஷத்தை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, அரசவையில் வேல் பிடித்து நிற்கும் சேவகனாக ஒதுங்க வேண்டியதாயிற்று. பாட்டை இழந்தபின் பேச்சையும் பார்வையையும் உடலையும் கொண்டு மீண்டும் மேலேறி வந்தவன் எவனோ, அவனே நடிகனாக நிலைத்தான்.

தாயைப் பிரித்து, பள்ளிப் படிப்பைப் பறித்து, குழந்தைகளை இராக்கண் விழிக்க வைத்த அந்த ஏற்பாட்டை நான் ஒருபோதும் போற்ற மாட்டேன். ஆனால் நாள்தோறும் மேடையேறும் அப்பியாசம் என்ற ஒன்றை அது கொடுத்தது என்பதையும், அதற்கு ஈடாக வேறொன்றை நாம் இன்னும் அமைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

1931-ல் தமிழ்ப் பேசும்படம் பிறந்தபின் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. மெலியாமல் நின்றது ஸ்பெஷல் நாடகம். ஒரு கிராமத்தார் தங்கள் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் வைக்க எண்ணினால், ராஜபார்ட்டை மதுரையிலிருந்தும், ஸ்திரீபார்ட்டைப் புதுக்கோட்டையிலிருந்தும், நாரதரையும் பபூனையும் ஆர்மோனியக்காரரையும் வெவ்வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியே பேசி, முன்பணம் கொடுத்து, அவர்களுடைய படங்களை நோட்டீசில் அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். ஒத்திகை கிடையாது. முன்பின் பழகாத இருவர், தகரப் பெட்டியின் மூடியில் கண்ணாடியைச் சாத்தி வைத்துக்கொண்டு அருகருகே முகத்துக்கு வர்ணம் பூசியபடி, "எந்தச் சுருதியம்மா?" "நீங்க பாடுறதுலயே பாடிக்கிறேண்ணே" என்று பேசிக்கொள்ளும் இரண்டு வாக்கியங்களே அவர்களுக்குள்ள முன்னேற்பாடு. இரவு பத்து மணிக்கு மேல் தொடங்குவது கிழக்கு வெளுக்கும் வரை நடக்கும்.

இது சாத்தியமாவதற்குக் காரணம், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாடம் அவர்கள் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக இருப்பதுதான். வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்தைக் கவனித்திருப்பவர்கள் இதனை அறிவார்கள். அனுபவம் முதிர்ந்த நாரதர், பாடத்தில் இல்லாத ஒரு புராணக் கேள்வியைத் திடீரென்று எழுப்புவார். வள்ளியாக நிற்கும் இளம்பெண் தடுமாறினால், ஆர்மோனியக்காரர் அடுத்த பாட்டின் சுருதியை மெல்லப் பிடித்து அவளுக்கு ஒரு நிமிஷம் அவகாசம் வாங்கித் தருவார். அதற்குள் அவள் விடையைக் கண்டுகொண்டு, பாட்டை முடித்துத் திரும்பி, நாரதரையே மடக்கிவிடுவதும் உண்டு. சகநடிகனின் மூச்சைக் கேட்டு நடிப்பது என்பதன் முழு அர்த்தத்தை நான் உணர்ந்தது, கிராமத்துக் களத்தில், பாய் விரித்து அமர்ந்திருந்த ஜனங்களின் நடுவேதான்.

இவ்வளவு வித்தை கற்றவர்களின் வரும்படியோ கோயில் விழாக்களை நம்பியது. மாசி முதல் ஆடி வரை ஓரளவு கையில் பணம் புரளும். அதன்பின் மழைக்காலத்தில் பெட்டி திறப்பதே அரிது. விடியற்காலையில் பஸ் நிலையத்தில் தனித்து நிற்கும் நடிகையை, இரவெல்லாம் கைதட்டிய ஊரே சந்தேகக் கண்ணால் பார்க்கிறது. இது என் மனத்தை வெகுவாக வருத்தும் விஷயம். சினிமாவில் பேரெடுத்தவருக்கு மாலையிடும் நாம், அதே தொழிலைச் செய்யும் அந்தப் பெண்மணிக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்குவதற்கு நியாயமே இல்லை.

நகரத்தில், 1977-ல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடற்பயிற்சியை நவீன நடிகனுக்குக் கொண்டுவந்து, பசுபதி போன்றவர்களைத் திரைக்குத் தந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத் துறை உண்டு. பட்டம் பெற்றுவரும் இளைஞன் நாடகத்தின் சரித்திரத்தை அறிந்து வருகிறான் என்பதில் சந்தோஷமே. அவனை ஒரு பருவமாவது, மாசியில் தொடங்கி ஆடி வரை, ஸ்பெஷல் நாடக நடிகர் ஒருவரோடு அனுப்பி வைத்து, பெட்டி தூக்கவும், பாடம் கேட்கவும், இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் தள்ளும் சபையைத் தட்டி எழுப்பவும் பழக்கிவிட்டு, கற்பித்த அந்த நடிகருக்கு ஓர் ஆசிரியருக்குரிய சம்பளத்தை மழை மாதங்களிலும் இப்பல்கலைக்கழகங்கள் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறேன்.