கல்லறையோடு முடியாத நம்பிக்கை

ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடுவது பல திருச்சபைகளின் வழக்கம். மரணம் முடிவல்ல என்ற அந்த நம்பிக்கை, மறுமையை மட்டும் எண்ணி இருக்கச் சொல்கிறதா? ஒரிஸாவில் (இன்றைய ஒடிசா) நடந்தது வேறு.

1965-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரகாம் ஸ்டெயின்ஸ், பாரிபடாவில் தொழுநோயாளரிடையே தொண்டாற்றினார். 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில், வண்டியில் உறங்கிக் கொண்டிருந்த அவரும் புதல்வர்கள் பிலிப், திமோத்தியும் உயிரோடு கொளுத்தப்பட்டனர்.

அடக்க ஆராதனையில் அவருடைய மனைவி கிளாடிஸும் மகள் எஸ்தரும் உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைப் பாடினர். கொலையாளிகளை மன்னித்து விட்டதாகக் கிளாடிஸ் அறிவித்தார். உடனே தாய்நாடு திரும்பிவிடவில்லை. பாரிபடாவிலேயே தங்கித் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். 2004-ல் கணவரின் நினைவாக அங்கு மருத்துவமனை எழுந்த பின்னரே ஆஸ்திரேலியா சென்றார். 2005-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

உடல் உயிர்த்தெழும் என்று நம்புவோருக்கு நோயாளியின் உடலும் மதிப்புக்குரியது. அவருடைய புண்ணைக் கழுவிக் கட்டுவதும் ஆராதனையின் ஒரு பகுதியாகிறது. ஈஸ்டர் பாடல் ஆலயத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதற்குப் பாரிபடாவே சாட்சி.