பூநாரை எண்ணும் உத்தியோகம்

தை மாதம், காலை ஆறரை மணி. வல்லை வெளியில் பனி முழுவதும் விலகவில்லை. வடமராட்சிப் பக்கக் கரையில் முக்காலியை ஊன்றித் தொலைநோக்கியைப் பொருத்தினால், கடல்நீரேரியின் நடுவே வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு நீண்ட கோடு தெரிகிறது. வெறுங்கண்ணுக்கு அது நுரை ஒதுங்கியதுபோல இருக்கும். தொலைநோக்கிக்குள் ஒவ்வொன்றுக்கும் கழுத்து முளைக்கிறது. அவை பூநாரைகள். எத்தனை என்று சொல்ல வேண்டும். காட்டு விலங்குகளோடு வேலை செய்ய விரும்பும் ஒருவருக்கு முதல் பாடம் அந்தக் கேள்விதான்.

இந்த வேலை என்றதும் யானைக்கு மயக்க ஊசி போடுவதும் புலிக்குட்டிக்குப் பால் புகட்டுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அவையும் உண்டு. ஆனால் காட்டு விலங்குகளை ஆராய்வோரில் பெரும்பாலானோர் விலங்கைத் தொடுவதே அரிது. தூரத்தில் நின்று பார்ப்பது, எண்ணுவது, எழுதி வைப்பது, அடுத்த மாதம் அதே இடத்துக்குத் திரும்பி வருவது: அவர்களுடைய நாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் கழிகின்றன. அதற்கும் ஒரு கைத்தேர்ச்சி வேண்டும்.

ஆயிரம் பறவையை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பாதி எண்ணுவதற்குள் கூட்டம் நகர்ந்துவிடும். ஆகவே முதலில் பத்தை மட்டும் சரியாக எண்ணுவார்கள். அந்தப் பத்து, கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்வார்கள். பிறகு அந்த அளவை அப்படியே நகர்த்தி ஐம்பது, நூறு என்று கூட்டத்தின் கடைசிவரை போவார்கள். கொத்தால் அரிசி அளப்பது போலத்தான். கொத்து சரியாக இருந்தால் மூட்டைக் கணக்கும் சரியாக வரும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, முடிந்த பிறகே ஒப்பிட வேண்டும். கூட்டம் எழுந்து பறந்தால் எந்தத் திசைக்குப் போனது என்று குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த கரையில் நிற்பவர் அதே பறவைகளை மறுபடியும் எண்ணிவிடுவார்.

எண்ணிக்கை மட்டும் போதாது. கூட்டத்தில் சாம்பல் நிறப் பறவைகள் எத்தனை என்பதையும் தனியே எழுத வேண்டும். அவை இளம் பறவைகள். பூநாரை இளஞ்சிவப்பாகப் பிறப்பதில்லை. உணவிலுள்ள கரோட்டீன் வகை நிறமிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் இறகில் படிந்துதான் அந்த நிறம் வருகிறது. இளம் பறவைகள் நிறைய இருந்தால், முந்திய காலத்தில் எங்கோ நல்ல முறையில் குஞ்சு பொரித்திருக்கின்றன என்று பொருள். இந்தியத் துணைக்கண்டத்தில் அவை பெருந்திரளாகக் கூடு கட்டும் இடம் குஜராத்தின் கட்ச் உவர்வெளி.

பூநாரை இரை எடுக்கும் விதத்தையும் நின்று பார்க்க வேண்டும். தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழாக வரும்படி நீருக்குள் விடும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் அசைந்து நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பல் போன்ற தகடுகளில் சின்ன இறால்களும் பூச்சிப் புழுக்களும் விதைகளும் தங்கிவிடும். சேறு கலந்த நீரை அரிக்கும் ஒரு வடி அந்த அலகு. இப்படிப்பட்ட அலகுள்ள பறவைக்கு நீரின் ஆழமும் உப்பும் பெரிய விடயங்கள். ஆழம் கூடினால் தலை அடிக்கு எட்டாது. உப்புக் குறைந்தால் அது உண்ணும் உயிரினங்களே மாறிவிடும்.

தெற்கே பூந்தல நமக்கு இதைக் காட்டியது. இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக (பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக) 1990இல் அறிவிக்கப்பட்ட அந்த இடம் ஒருகாலத்தில் பூநாரைக்குப் பேர்போனது. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத்தின் கழிவுநீர் எம்பிலிகல, மலல களப்புகளுக்குள் வடிந்தது. உப்புக் குறைந்தது. பூநாரைக் கூட்டங்களும் அங்கிருந்து போய்விட்டன. யாரும் சுட்டோ துரத்தியோ அவை போகவில்லை. நீர் மாறியது, அவ்வளவுதான். பழைய எண்ணிக்கைகள் இருந்தபடியால்தான் எதை இழந்தோம் என்பது தெரிந்தது.

யாழ்ப்பாணத்தார் இந்தக் கதையைக் கவனமாகக் கேட்க வேண்டும். நமக்கு வற்றாத ஆறு இல்லை. கிணறுதான் எல்லாம், பல கிணறுகள் உவராகிக்கொண்டிருக்கின்றன. கடல்நீரேரிகளை மறித்து நன்னீராக்கும் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்தார். தொண்டைமானாற்றுத் தடுப்பணையைக் காணும் எவருக்கும் அந்தக் கனவு நினைவுக்கு வரும். குடிக்க நீர் வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. அதே நீரேரிகளில்தான் பூநாரையும் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் மாரியைக் கழிக்கின்றன. எந்த நீரேரியில் எந்த மாதம் எத்தனை பறவை இருக்கிறது என்று தெரிந்தால்தான் இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கலாம். போர்க்காலத்தின் நீண்ட ஆண்டுகளில் இங்கே பல கரைகளுக்கு மனிதர் போகவே முடியவில்லை. அந்த ஆண்டுகளின் கணக்குக் கொப்பிகளில் பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. அவற்றை இனி நிரப்ப முடியாது. இன்று தொடங்கும் பக்கங்களையாவது விடாமல் எழுதலாம்.

எண்ணியதற்குப் பிறகு, இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி வரும். அதற்கான வழி காலில் வளையமிடுவது. காங்கேசன்துறையிலிருந்து சுமார் 55 கிலோமீற்றர் கடல் தாண்டினால் தமிழ்நாட்டின் கோடியக்கரை. அங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு எண் பொறித்த வளையம் மாட்டுகிறார்கள், தமிழரான எஸ். பாலச்சந்திரன் பல பத்தாண்டுகளை இந்தப் பணிக்குக் கொடுத்தவர். வளையமிடப் பறவையைக் காயமின்றிப் பிடிக்க வேண்டுமே! அதில் கழகத்துக்குக் கைகொடுத்தவர்களில் ஒருவர் பீகாரைச் சேர்ந்த அலி ஹுசைன். பரம்பரையாகப் பறவை பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். நீரேரியில் வீச்சுவலை எறியும் நம்மூர்த் தொழிலாளிக்கும் இப்படி ஓர் அறிவு உண்டு. எந்தச் சேற்றில் எந்தப் பறவை எப்போது இறங்கும் என்று அவரைக் கேட்டால் சொல்வார். ஆய்வுக்கு வருபவர் முதலில் அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டும்.

இப்போது வளையத்தோடு சூரிய ஒளியில் இயங்கும் சிறு கருவிகளும் வந்துவிட்டன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன குழுவினர் மன்னாரில் 'மேகா' என்று பெயரிட்ட ஒரு கடற்காகத்தின் முதுகில் இத்தகைய கருவியைப் பொருத்தினார்கள். அது 2021இல் ஏழாயிரம் கிலோமீற்றருக்கு மேல் பறந்து ரஷ்யாவின் வடகோடி யமல் தீபகற்பத்தை அடைந்தது. நம் கரையில் மீன்குடல் பொறுக்கும் பறவைக்குத் துருவப் பனிவெளியும் ஊர்தான்.

சரி, இந்த வேலைக்குப் போவது எப்படி? "உதைப் படிச்சு என்ன உத்தியோகம் பாக்கப் போறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். பதில் உண்டு. உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்கலாம். விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்க விரும்பினால் பேராதனையின் கால்நடை வைத்திய பீடம். 1949இல் தொடங்கிய வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கான வேலைவாய்ப்புகள் வர்த்தமானியில் வரும். அதன் பயிற்சி நிலையம் கிரித்தலையில் இருக்கிறது. 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக உயர்ந்த சுண்டிக்குளமும், அதே ஆண்டு தேசியப் பூங்கா எல்லைக்குள் வந்த நெடுந்தீவின் ஒரு பகுதியும் நமக்குப் பக்கத்திலேயே உள்ள பணியிடங்கள். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தால் எந்த மாவட்டத்திலும் வேலை செய்யலாம். வெயிலும் சேறும் பழக வேண்டும். வடக்கில் இன்னும் ஒரு பழக்கம் வேண்டும்: கண்ணிவெடி அகற்றிய நிலமா என்று கேட்டறியாமல் புதிய கரையில் கால் வைக்கக் கூடாது.

இந்தப் பட்டங்களுக்கு முன்பே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. அதில் ஆர்வலர்களும் சேர்ந்து எண்ணுகிறார்கள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்றால் நம் மாணவர்களுக்குப் பரீட்சை வினாத்தாள்தான் நினைவுக்கு வரும். 'வெளிக்களம்' என்ற சொல்லையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அந்தக் களம் அங்கேயே, நீரேரிக் கரையில்தான் இருக்கிறது. சரசாலைக் குருவிக்காடும் மண்டைதீவுக் கரையும் துவிச்சக்கரவண்டியில் போய்வரும் தூரம்.

ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் வரியில் இடம், திகதி, நேரம், காற்று, நீர்மட்டம். இரண்டாவது வரியில் பறவையின் பெயர். பெயர் தெரியாவிட்டால் அலகும் காலும் எப்படி இருந்தன என்ற குறிப்பு. மூன்றாவது வரியில் எண்ணிக்கை. ஒன்றையும் காணாவிட்டால் பூச்சியம் என்று எழுதுங்கள். பூந்தலவில் பூநாரை போனதுபோன்ற ஓர் இழப்பைச் சொல்வதும் அப்படி எழுதப்பட்ட ஒரு பூச்சியம்தான்.