ஒரு சொட்டுத் தண்ணீர் செய்யும் வேலை!

எண்ணூருக்கு வடக்கே ஒரு பக்கம் கடல். மறு பக்கம் உப்பங்கழி. நடுவே நீண்டு கிடக்கிறது ஒரு மணல் திட்டு. அதுதான் காட்டுப்பள்ளி.

மீனவர்கள் வலை வீசும் அந்தக் கரையில் இன்று துறைமுகம் இருக்கிறது. கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் வந்தது.

2022 ஆகஸ்டு மாதம் அங்கே ஒரு விருந்தாளி வந்தது. அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த “சார்லஸ் ட்ரூ” என்ற கப்பல். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று பழுது பார்க்க இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை.

அது சண்டை போடும் கப்பல் அல்ல. மற்றக் கப்பல்களுக்குச் சாப்பாடும் எண்ணெயும் வெடிமருந்தும் கொண்டுபோய்க் கொடுக்கும் கப்பல். அதன் வயிற்றில் குளிர் அறைகள் உண்டு. (சார்லஸ் ட்ரூ என்பவர் ரத்த வங்கி முறைக்கு வழி காட்டிய கறுப்பின டாக்டர். ரத்தத்தையும் குளிரில்தானே வைக்க வேண்டும்!)

கப்பல் மட்டும் அல்ல. மீனும் இறாலும் போகும் குளிர் கண்டெய்னர்கள், பெரிய ஆஸ்பத்திரிகளைக் குளிர வைக்கும் “சில்லர்” யந்திரங்கள், காசிமேட்டுப் படகுகளுக்கு ஐஸ் போடும் ஆலைகள், எல்லாவற்றுக்கும் ஒரே பகைவன் உண்டு.

அது தண்ணீர்.

எப்படிக் கெடுக்கிறது?

குளிர் யந்திரத்தின் குழாய்களில் ஒரு கேஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரெசர் அதை அழுத்துகிறது. பிறகு ஒரு சிறு துவாரம் வழியாக அது பாய்ந்து, ஆவியாகி, சுற்றியுள்ள உஷ்ணத்தை இழுத்துக்கொள்கிறது.

யந்திரத்தைப் பழுது பார்க்கத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். அதிலும் நம் கடற்கரைக் காற்று! ஓர் அறையில் ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புழுக்கமான நாளில் அவ்வளவு காற்றில் சுமார் 20 கிராம் தண்ணீர் ஆவியாக ஒளிந்திருக்கும்.

அந்தத் தண்ணீர் பல கேஸ்களில் சிறு துவாரத்தில் ஐஸாக உறைந்து வழியை அடைக்கும். கேஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகும். அமிலம் மோட்டாரின் கம்பிச் சுருளை அரிக்கும். ஒரு நாள் மோட்டார் புகைந்துவிடும். கண்டெய்னருக்குள் மீன் இருந்தால் அதன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

துடைக்க முடியாது. கொதிக்க வைக்கலாம்!

வளைந்து வளைந்து போகும் குழாய்க்குள் துணி விட்டுத் துடைக்க முடியுமா? முடியாது. அங்கேதான் வாக்குவம் பம்பு வருகிறது.

ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலை மேல் காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே தண்ணீர் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் பருப்பு சீக்கிரம் வேகாது.

அழுத்தத்தை இன்னும் குறைத்தால்? கடற்கரையில் காற்றின் அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம். அதை 32 மில்லிமீட்டருக்கு இறக்கிவிட்டால் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். அடுப்பே வேண்டாம்! கொதித்து வரும் ஆவியைப் பம்பு இழுத்து வெளியே தள்ளும்.

இந்த விந்தை புதிது அல்ல. ஸ்காட்லாந்து தேசத்தில் வில்லியம் கல்லன் என்ற வைத்தியப் பேராசிரியர் 18-ம் நூற்றாண்டின் நடுவில் ஈதர் என்ற திரவத்தின் மேல் இருந்த காற்றைப் பம்பால் இழுத்தார். ஈதர் வேகமாக ஆவியாயிற்று. பக்கத்தில் இருந்த தண்ணீர் உறைந்தது. ஆனால் அதை வைத்து யாரும் அப்போது வியாபாரம் செய்யவில்லை. அதற்கு வெகு நாள் பிறகும் சென்னைக்கு ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில்தான் வந்தது! அதை வைக்க 1842-ல் கட்டிய வீடுதான் ஐஸ் ஹவுஸ்.

அவசரம் கூடாது

வீட்டு ஏ.சி.க்கு ஒரு மணிக்குள் வேலை முடியலாம். பெரிய சில்லரின் கதை வேறு.

அதன் வயிற்றில் நூற்றுக்கணக்கான செம்புக் குழாய்கள். ஒன்று ஓட்டையானால் கேஸ் இருக்கும் இடத்தில் தண்ணீர் நிறைந்துவிடும். “பம்பைப் போடு” என்று உடனே ஆரம்பிப்பவர் ஏமாந்து போவார்.

கணக்குப் பாருங்கள். அழுத்தம் 4.6 மில்லிமீட்டருக்கு இறங்கும்போது ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் அந்த ஆவி 2 லட்சம் லிட்டர் இடத்தை அடைக்கும். நிமிஷத்துக்கு 200 லிட்டர் இழுக்கும் பம்பு அதை வெளியேற்ற 1,000 நிமிஷம் வேண்டும். அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். ஒரே ஒரு லிட்டருக்கு!

அதே அழுத்தத்தில்தான் இன்னொரு தொல்லை. கொதிக்கிற தண்ணீர் தன் சூட்டையே இழந்து, ஐஸாக உறைந்து, உள்ளே பதுங்கிக்கொள்ளும்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். உலர்ந்த நைட்ரஜனை விட்டு, வெதுவெதுப்பாகச் சூடு காட்டி, மறுபடி இழுக்கிறார்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. பம்பின் எண்ணெய் தண்ணீர் கலந்து பால் போல் வெளுத்துவிடும். அதையும் மாற்ற வேண்டும். சுண்டு விரல் பருமனுள்ள ரப்பர் குழாய் போட்டால் பம்பு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயன் இல்லை. வாய்க்கால் குறுகினால் ஏரி எப்படி வடியும்?

இரண்டு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டக் கூடாது. எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அடைத்த அறையில் நைட்ரஜனைத் திறந்துவிடவும் கூடாது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூச்சு முட்டும்.

முள் சொல்லும் சேதி

அழுத்தம் 500 மைக்ரானுக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கு இறங்கியதும் பம்பை மூடிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதுதான் பரீட்சை.

அளவு கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ கசிவு.

கசிவு என்றால் அலட்சியமா? எண்ணூர்க்காரர்களைக் கேளுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு, உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அது குளிர் யந்திரம் அல்லதான். ஆனால் ஐஸ் ஆலைகள் பலவற்றின் குழாய்களில் ஓடுவதும் அதே அம்மோனியா.

மணமில்லாத கேஸ்களும் சாது அல்ல. குளிர் கண்டெய்னர்கள் பலவற்றில் இருக்கும் “ஆர் 134ஏ” என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், பூமியைச் சூடாக்குவதில் அது சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்.

உங்கள் வீட்டுக்கு ஏ.சி. மாட்ட வருகிறவர், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு “காற்று போய்விட்டது, அம்மா” என்று சொன்னால், “வாக்குவம் பம்பு கொண்டு வரவில்லையா, தம்பி?” என்று கேளுங்கள்.

பெரிய சில்லரில் இந்தப் பரீட்சை சில சமயம் இரவு முழுவதும் நடக்கும். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்க மாட்டார்கள். வெற்றிடத்தில் பொறி தாவிச் சுருள் கருகிவிடும். காலையில் வந்து அளவைப் பார்ப்பார்கள். முள் நின்ற இடத்திலேயே நின்றால் கேஸ் சிலிண்டரைத் தராசில் ஏற்றி, எடை பார்த்து, மெதுவாக வால்வைத் திறப்பார்கள்.